நொடிக்கு முப்பது எழுத்து: விம் எடிட்டரின் கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பாத்திரம் தேய்க்கிற விம் பற்றிய பதிவு அல்ல. புரோகிராம் எழுதப் பயன்படும் விம் என்ற எடிட்டரைப் பற்றியது. (அம்மாவிடம் "விம் கத்துக்கிட்டு இருக்கேன்" என்று போனில் சொன்னபோது வந்த பதில்: "நல்லது, லீவுக்கு வரும்போது சிங்க்ல காட்டு.")

இரண்டாம் ஆண்டில் எனக்கு வாய்த்தது மாமா பையன் பயன்படுத்தித் தீர்த்த லேப்டாப். 2 ஜிபி நினைவகம். லேபில் எல்லோரும் வைத்திருக்கிற பெரிய எடிட்டரை அதில் திறந்தால், அது திறந்து முடிப்பதற்குள் மெஸ்ஸுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பக்கத்து அறை சீனியர் அண்ணன்தான் "உன் மெஷினுக்கு விம்தான்டா சரி" என்றார். போட்டேன். திறந்தேன். தட்டினால் எழுத்து வரவில்லை. வேறு எதைத் தட்டினாலோ கர்சர் எங்கோ தாவியது. ஒருவழியாக எழுதும் வித்தையைக் கண்டுபிடித்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அசைன்மென்ட்டை முடித்தால், சேமித்து வெளியே வரத் தெரியவில்லை. பொறுமை போய் ஜன்னலையே மூடிவிட்டேன். காலையில் அதே கோப்பைத் திறந்தபோது, ஒரு ஸ்வாப் கோப்பு இருக்கிறது, மீட்கவா அழிக்கவா என்று நீளமாக ஒரு செய்தி வந்தது. தூக்கக் கலக்கத்தில் "அழி" என்று கொடுத்தேன். என் இரண்டு மணி நேர வேலை அந்த ஸ்வாப் கோப்பில்தான் இருந்தது என்பது அழித்த பிறகு தெரிந்தது.

வெளியே வரத் தெரியாமல் மாட்டிக்கொண்டது நான் ஒருவன் மட்டும் அல்ல. 2017 மே மாதம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம், விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்ற ஒரே கேள்வியைப் பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்த்துவிட்டார்கள் என்று தனிக் கட்டுரையே போட்டது. (விடை: எஸ்கேப், கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். சேமித்துவிட்டு வர வேண்டுமானால் கோலன், டபிள்யூ, க்யூ.)

அடுத்த தப்பு, யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்த முந்நூறு வரி அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்துப் போட்டது. திறந்தவுடன் ஒரு பக்கம் பிழைச் செய்தி. எல்லாவற்றையும் அழித்துவிட்டு விம்ஆர்சி கோப்பை வெற்றாக வைத்தேன். ஏன் என்று எனக்குத் தெரியாத ஒரு வரியையும் இதில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். அந்த "ஏன்" ஒவ்வொன்றையும் தேடிப் போனதில் வந்து சேர்ந்த இடம் 1976.

வெற்றுக் கோப்பு வைத்ததுமே ஒரு விநோதம் நடந்தது. பேக்ஸ்பேஸ் வேலை செய்யவில்லை. அதாவது, இப்போது தட்டியதை அழிக்கும், கொஞ்ச நேரம் முன்பு தட்டியதை அழிக்காது. காரணம் சுலபம்தான். 2016-ல் வந்த 8-ம் பதிப்பிலிருந்து, நமக்கென்று அமைப்புக் கோப்பு இல்லாவிட்டால் விம் தானாகவே சில நல்ல அமைப்புகளை ஏற்றிக்கொள்ளும். நாம் ஒரு கோப்பு வைத்துவிட்டால், அது வெற்றாக இருந்தாலும் சரி, "இவருக்கு எல்லாம் தெரியும் போல" என்று விலகிக்கொள்ளும். சில லினக்ஸ்களில் அவர்களே இதைச் சரிசெய்து தருகிறார்கள். நான் பெரிய மனுஷனாக மூல நிரலிலிருந்து கட்டியதால் மாட்டிக்கொண்டேன். ஆகவே என் கோப்பின் முதல் வரி, பேக்ஸ்பேஸை எல்லா இடத்திலும் அழிக்க விடு என்பது. ஆனால் ஒரு எடிட்டர் ஏன் முதலில் அழிக்க மறுக்க வேண்டும்?

இதற்கு யூனிக்ஸ் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் யூனிக்ஸோடு சேர்த்து எழுதிய எடிட்டர் இடி. அன்றைக்குக் கணினியோடு பேச இருந்தது டெலிடைப். திரை கிடையாது, காகிதச் சுருள். டெலிடைப் மாடல் 33 நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும், அதுவும் தடதடவென்று. அந்த வேகத்தில் கோப்பை முழுக்கக் காட்டுவது நடக்கிற காரியமா? இடி எதையும் தானாகக் காட்டாது. இத்தனாவது வரியைக் காட்டு என்று கேட்டால் காட்டும். கட்டளைகள் எல்லாம் ஒற்றை எழுத்து. தப்பு செய்தால் வருகிற பிழைச் செய்தி ஒரே ஒரு கேள்விக்குறி. என்ன தப்பு என்று யோசித்துக் கண்டுபிடிப்பது நம் பாடு. (லேப் பரீட்சையில் சில எக்ஸாமினர்கள் நம்மைப் பார்ப்பது போல.) தேடுவதற்கு நாம் பயன்படுத்தும் கிரெப் என்ற கட்டளையின் பெயரே, இடியில் "கோப்பு முழுக்க இந்த வடிவத்தைத் தேடி அச்சிடு" என்பதற்கான எழுத்துச் சேர்க்கைதான்.

லண்டன் குவீன் மேரி கல்லூரியில் ஜார்ஜ் கூலூரிஸ் என்ற ஆசிரியரிடம் திரை உள்ள டெர்மினல்கள் இருந்தன. அவற்றில் இடியை ஓட்டுவது, தொலைக்காட்சியில் வானொலி கேட்பது போல அவருக்குப் பட்டிருக்க வேண்டும். திருத்துகிற வரியைத் திரையிலேயே பார்த்துத் திருத்தும்படி இடியை மாற்றி எம் என்று பெயர் வைத்தார். எம் என்பதற்கு விரிவு, சாமானியர்களுக்கான எடிட்டர். கென் தாம்சன் அங்கே வந்தபோது இதைப் பார்த்துவிட்டு, திருத்தும்போது கோப்பின் நிலையைக் கண்ணால் பார்க்க வேண்டிய தேவை தனக்கு இல்லை என்கிற மாதிரி சொன்னாராம். அந்தப் பெயருக்குக் காரணம் அதுதான் என்று கூலூரிஸ் பிறகு சொல்லியிருக்கிறார். தாம்சன் மாதிரி ஆட்களுக்குத் தேவையில்லை, நமக்குத் தேவை. நியாயம்தானே?

1976 கோடையில் கூலூரிஸ் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனார். எம்மையும் எடுத்துப் போனார். அங்கே ஒரு பட்டமேற்படிப்பு மாணவர் அதைப் பார்த்தார். வயது 21. பெயர் பில் ஜாய். அவரும் சக் ஹேலி என்ற இன்னொரு மாணவரும் அதை வாங்கி, பிரித்து, சேர்த்து, எக்ஸ் என்ற எடிட்டராக்கினார்கள். 1978 மார்ச்சில் வெளியான முதல் பெர்க்லி யூனிக்ஸ் தொகுப்பில் எக்ஸ் இருந்தது. அதற்குள் முழுத்திரையில் கோப்பைக் காட்டும் ஒரு நிலையும் இருந்தது. அந்த நிலையின் பெயரின் முதல் இரண்டு எழுத்துதான் விஐ. 1979 மே மாதம் வந்த இரண்டாம் தொகுப்பில் விஐ தனிக் கட்டளையாகவே வந்தது.

பில் ஜாயின் பிரச்சினை வேகம். 300 பாட் மோடம் வழியாக, தொலைபேசிக் கம்பியில் வேலை செய்வதற்கு ஏற்றபடிதான் விஐயை உருவாக்கினேன், அந்த விசித்திரமான கட்டளைகளுக்கெல்லாம் அதுதான் காரணம் என்று அவரே பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். 300 பாட் என்றால் நொடிக்குச் சுமார் முப்பது எழுத்து. ஒரு திரைக்கு 24 வரி, வரிக்கு 80 எழுத்து, ஆக 1920 எழுத்து. முப்பதால் வகுத்துப் பாருங்கள், 64 நொடி. ஒரு பக்கம் தள்ளினால், அடுத்த பக்கம் முழுசாக வர ஒரு நிமிடத்துக்கு மேல். எம்ஐடியில் அதே காலத்தில் ஈமேக்ஸ் எழுதியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்களுடைய டெர்மினல்கள் வேகமான இணைப்பில் பெரிய கணினியோடு கட்டப்பட்டிருந்தன. இரண்டு எடிட்டர் ரசிகர்களும் இன்றுவரை போடும் சண்டையில் பாதி, இரண்டு கம்பிகளின் வேக வித்தியாசம் என்பது என் கருத்து. (சண்டைக்கு வராதீர்கள்.)

அந்த 64 நொடியை மனதில் வைத்துக்கொண்டு பழைய விஐயைப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். இணைப்பின் வேகம் 600 பாட் அல்லது அதற்குக் கீழே என்றால் விஐ திரையில் எட்டு வரிதான் காட்டும். 1200 என்றால் பதினாறு. அதற்கும் மேலே போனால்தான் முழுத்திரை. ஒரு சொல்லை மாற்றப் போகிறேன் என்று கட்டளை கொடுத்தால், அந்தச் சொல்லை அழித்துவிட்டு மீதி வரியைத் திரும்ப வரையாது. சொல் முடிகிற இடத்தில் ஒரு டாலர் குறி மட்டும் போட்டு, இதுவரைக்கும் போகப் போகிறது என்று அடையாளம் காட்டும். ஒரே ஒரு எழுத்து அனுப்பினால் போதும் பாருங்கள். வரிகளை நீக்கினால், சில டெர்மினல்களில் மற்ற வரிகளை மேலே ஏற்றாமல், காலியான இடத்தில் நாம் மின்னஞ்சலில் போடும் அந்தச் சுழித்த ஏ-வை வைத்துவிட்டுப் போகும். பேக்ஸ்பேஸ் தட்டினால் கர்சர் பின்னால் போகும், ஆனால் அழித்த எழுத்து திரையில் அப்படியே நிற்கும். எஸ்கேப் தட்டும்போதுதான் மறையும். திரையைத் திரும்ப வரைவதற்குக் கஞ்சத்தனம் பார்த்த எடிட்டர் அது. எழுதத் தொடங்கிய இடத்துக்கு முன்னால் போய் அழிக்க விடாததும் அதே குடும்பத்துக் குணம். நாற்பது வருஷம் கழித்து என் லேப்டாப்பில் வந்து நின்றது அந்தக் குணம்தான்.

கட்டளைகளும் அப்படியே. டி என்றால் நீக்கு, டபிள்யூ என்றால் சொல். டி, 3, டபிள்யூ என்று தட்டினால் மூன்று சொல் போய்விடும். மூன்றே விசை. கம்பியில் மூன்றே எழுத்து போகிறது. வினையும் எண்ணும் பெயரும் சேர்ந்த சின்ன வாக்கியம் இது. டி-க்குப் பதில் சி போட்டால் மாற்று, ஒய் போட்டால் பிரதி எடு. பத்து வினை, இருபது பெயர் தெரிந்தால் இருநூறு வாக்கியம் பேசலாம். இது புரிந்த அன்றைக்குத்தான் எனக்கு விம் மேல் இருந்த கோபம் போனது.

நிற்க. எழுத்து விசைகளே கட்டளையும் ஆகிவிட்டால், எழுதுவது எப்படி? அதற்காகத்தான் இரண்டு நிலைகள். எழுதும் நிலை ஒன்று, கட்டளை நிலை ஒன்று, நடுவில் எஸ்கேப். இதே 1970-களில் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் லேரி டெஸ்லர் என்பவர், நிலைகளே கூடாது, எந்த நேரமும் விசையைத் தட்டினால் எழுத்து விழ வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். கட், காப்பி, பேஸ்ட் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை. தன் கார் எண் பலகையிலேயே நிலைகள் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்த மனிதர், 2020 பிப்ரவரியில் காலமானார். உலகம் பெரும்பாலும் அவர் சொன்ன பக்கம்தான் போனது. முதல் நாள் இரவு நானும் அவர் கட்சிதான்.

என் கோப்பின் இரண்டாவது வரி, எழுதும் நிலையில் ஜே, கே இரண்டையும் வேகமாக அடுத்தடுத்துத் தட்டினால் எஸ்கேப்பாக எடுத்துக்கொள் என்பது. எஸ்கேப் மூலையில் அல்லவா இருக்கிறது? ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. இவ்வளவு அதிகமாகத் தேவைப்படுகிற விசையை இவ்வளவு தூரத்தில் வைத்தது எந்த மகானுபாவர் என்று திட்டியிருக்கிறேன். பில் ஜாயைத் திட்டியது தப்பு. அவர் பயன்படுத்தியது லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினல். அதன் படத்தைப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. இன்றைக்கு டேப் இருக்கும் இடத்தில், க்யூவுக்குப் பக்கத்தில், எஸ்கேப். இன்றைக்கு கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில் கன்ட்ரோல். கோலனுக்கு ஷிஃப்ட்கூட வேண்டாம், தனி விசை. எச், ஜே, கே, எல் நான்கின் மேலும் அம்புக்குறி அச்சிட்டிருக்கிறது, ஏனென்றால் அந்தப் பலகையில் தனி அம்பு விசைகளே கிடையாது. விம்மில் கர்சரை நகர்த்த அந்த நாலு எழுத்தைப் பயன்படுத்துவது ஏதோ ஞானிகள் கண்டுபிடித்த விரல் சாஸ்திரம் என்று சீனியர்கள் சொல்வார்கள். விசையில் அச்சடித்திருந்தது, அவ்வளவுதான். ஹோம் என்ற சொல்லும் நெளிகோடும் ஒரே விசையில் இருந்தன; யூனிக்ஸில் நம் வீட்டு அடைவுக்கு நெளிகோடு போடும் வழக்கமும் அங்கிருந்து வந்ததே.

ஆயிரம் டாலருக்குள் விற்ற முதல் டெர்மினல்களில் ஒன்று அது, விலை 995 டாலர் என்று விளம்பரம் செய்தார்கள். விலை மலிவு என்பதால்தான் பல்கலைக்கழகங்களுக்குக் கட்டுப்படியானது. பிறகு 1980-களின் நடுவில் ஐபிஎம் கொண்டுவந்த 101 விசைப் பலகையில் எஸ்கேப் தனியாக மூலைக்குப் போய்விட்டது, கன்ட்ரோல் கீழே இறங்கிவிட்டது. எடிட்டர் நின்ற இடத்திலேயே நின்றது. பலகை நகர்ந்துவிட்டது. என் இரண்டாவது வரி பழைய எஸ்கேப்பை விரல் பக்கத்தில் திரும்பக் கொண்டுவருகிற வேலை.

மூன்றாவது, ஸ்வாப் கோப்புகளை ஒரே அடைவில் போட்டு வை என்ற வரி. வேலை செய்யும் இடமெல்லாம் அவை இறைந்து கிடப்பது பிடிக்காமல் பலர் இதை நிறுத்தியே விடுகிறார்கள். நான் பட்டவன், நிறுத்த மாட்டேன். இதன் வேரும் தொலைபேசிக் கம்பிதான். இணைப்பு நடுவில் அறுந்துவிட்டால், விஐ அதுவரை செய்த திருத்தங்களைப் பத்திரப்படுத்தி, இந்தக் கோப்பு மீட்கக் காத்திருக்கிறது என்று உங்களுக்கே மெயில் அனுப்பிவிடும். விம் மெயில் அனுப்புவதில்லை, அடுத்த தடவை திறக்கும்போது கேட்கிறது. கேட்கும்போது தூக்கத்தில் இருக்கக் கூடாது.

இந்த வரியை எழுதியபோது இன்னொரு சம்பவம் கண்ணில் பட்டது. 1978 டிசம்பர் வாக்கில் பெர்க்லிக்குப் புதிய வாக்ஸ் கணினி வந்தது. பில் ஜாய் அப்போது விஐயில் ஒரே திரையைப் பல ஜன்னல்களாகப் பிரிக்கும் வசதியைச் சேர்த்துக்கொண்டிருந்தார். டேப் டிரைவ் பழுது, பேக்கப் இல்லை. இருந்தாலும் வேலையைத் தொடர்ந்தார். மூல நிரல் சிதைந்து போனது. முழு அச்சுப் பிரதியும் கையில் இல்லை. திரைக்கான பகுதியைக் கிட்டத்தட்ட முழுதாகத் திரும்ப எழுதி முடித்திருந்த நேரத்தில் நடந்தது இது. அத்தோடு கைவிட்டுவிட்டேன் என்று 1984-ல் ஒரு பேட்டியில் சொன்னார். பழைய பதிப்பை எடுத்து, ஆவணங்களை எழுதி முடித்து, அதையே வெளியிட்டார். நாம் இன்று பின்பற்றும் விஐ, அந்த விபத்துக்கு முந்தைய பதிப்பின் வாரிசு. ஜன்னல் பிரிக்கும் வசதி விம்மில் வர இன்னும் பல வருஷம் ஆனது. (என் அசைன்மென்ட்டைத் திரும்ப எழுதி மாலைக்குள் கொடுத்துவிட்டேன். முதல் தடவை எழுதியதே நன்றாக இருந்தது என்று இப்போதும் தோன்றுகிறது.)

1982-ல் பில் ஜாய் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தொடங்கப் போய்விட்டார். மார்க் ஹார்ட்டன் என்பவர் விஐயைக் கவனித்துக்கொண்டார். ஆனால் பெரிய தடை வேறு இருந்தது. எக்ஸும் விஐயும் இடியின் நிரலிலிருந்து வளர்ந்தவை. இடி, ஏடி அண்ட் டி நிறுவனத்துச் சொத்து. யூனிக்ஸ் உரிமம் வாங்காதவர்கள் விஐயின் நிரலைத் தொட முடியாது. வீட்டில் சின்னக் கணினி வைத்திருந்தவர்கள் என்ன செய்வார்கள்? கல்லூரியிலும் அலுவலகத்திலும் விரல் பழகிவிட்டது, வீட்டில் அந்த எடிட்டர் இல்லை. ஆகவே ஆளாளுக்கு முதல் வரியிலிருந்து சொந்தமாக எழுதினார்கள். 1987-ல் டிம் தாம்சன் அட்டாரி எஸ்டி கணினிக்காக ஸ்டீவி என்று ஒன்று எழுதினார். 1990-ல் ஸ்டீவ் கிர்க்கெண்டாலின் எல்விஸ் வந்தது. அசல் விஐ சட்டச் சிக்கலிலிருந்து விடுபட்டது 2002-ல், கால்டேரா நிறுவனம் பழைய யூனிக்ஸ் நிரல்களைத் திறந்துவிட்டபோதுதான். அதற்குள் நகல்கள் அசலை எங்கோ தாண்டிப் போய்விட்டன.

தாண்டியவர்களில் முதல்வர் நெதர்லாந்துக்காரர் பிராம் மூலனார். 1988-ல் அவரிடம் அமிகா கணினி இருந்தது, விஐ இல்லை. ஸ்டீவியை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார். 1991 நவம்பர் 2-ம் தேதி 1.14 பதிப்பு வெளியானது, அமிகா ரசிகர்கள் கைமாற்றிக்கொண்ட ஃபிரெட் ஃபிஷ் ஃபிளாப்பி வரிசையில் 591-வது தட்டில். அப்போது விம் என்பதற்கு விரிவு விஐயின் நகல். 1993-ல் அதையே மேம்பட்ட விஐ என்று மாற்றிக்கொண்டார். எழுத்தைத் தொடாமல் அர்த்தத்தை மட்டும் மாற்றிய கெட்டிக்காரத்தனம்!

என் கோப்பின் மீதி வரிகள் இவர் காலத்தவை. நிரலுக்கு வண்ணம் கொடு (1998, பதிப்பு 5). கோப்பை மூடித் திறந்த பிறகும் செய்ததைத் திரும்பப் பெற விடு (2010, பதிப்பு 7.3). பழைய விஐயில் இப்படித் திரும்பப் பெறுவது ஒரே ஒரு படிதான். இன்னொரு தடவை தட்டினால், திரும்பப் பெற்றதையே திரும்பப் பெறும். வரி எண் காட்டு, டேபுக்கு நாலு இடம் விடு என்பவற்றுக்கெல்லாம் சரித்திரம் தேவையில்லை.

நம்மவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். விம்மோடு வரும் விசைப்பலகை அமைப்புகளில் தமிழ் டிஸ்கி குறியேற்றத்துக்கும் ஒன்று இருக்கிறது. யூனிகோடு பரவாத நாட்களின் நினைவாக இன்னும் கிடக்கிறது.

விம்மைக் கோப்பு எதுவும் இல்லாமல் திறந்தால் வரும் முகப்பில், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி பல வருஷம் இருந்தது. ஏதோ விளம்பரம் என்று நினைத்திருந்தேன். 1994-ல் மூலனார் உகாண்டாவின் கிபாலே என்ற ஊரில் குடிநீர், சுகாதாரப் பணிக்காக ஏறக்குறைய ஒரு வருஷம் தங்கி வேலை செய்திருக்கிறார். எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த குழந்தைகள் நிறைந்த பகுதி அது. திரும்பி வந்தவர், விம் இலவசம், பிடித்திருந்தால் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்று உரிமத்திலேயே எழுதிவிட்டார். 2023 ஆகஸ்ட் 3-ம் தேதி, 62-வது வயதில் இறக்கும்வரை விம்மைப் பராமரித்தார். 2024 ஜனவரியில் வந்த 9.1 பதிப்பை அவர் நினைவுக்குச் சமர்ப்பித்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே ஆள் பார்த்துக்கொண்ட எடிட்டரை இப்போது ஒரு குழு பார்த்துக்கொள்கிறது.

இப்போது என் விம்ஆர்சியில் பதினொரு வரி. பத்துக்குக் காரணம் உண்டு. பதினோராவது விளையாட்டுக்குச் சேர்த்தது. 300 பாட் இணைப்பில் திரைக்கு எத்தனை வரி காட்ட வேண்டும் என்று பழைய விஐயில் ஓர் அமைப்பு இருந்தது என்று சொன்னேன் அல்லவா? டபிள்யூ300 என்று அதற்குப் பெயர். விம்மில் அதற்கு எந்த வேலையும் இல்லை. ஆனால் யாராவது தன் பழைய கோப்பை எடுத்துவந்தால் பிழைச் செய்தி வரக் கூடாதே என்று, விம் அதைப் பேசாமல் வாங்கிக்கொள்கிறது. எட்டு என்று எழுதிச் சேமித்தேன். ஒரு முணுமுணுப்பும் இல்லை.